செல்லாத நோட்டில் செய்த படகு

2021 மார்ச் மாதத்தில் ஒரு நாள் என் மகளை அடித்தேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. அதற்கு முன்னால் அவள் மேல் நான் கை வைத்ததே இல்லை.

பர்மாவில், நாங்கள் இருக்கும் யங்கூனில் அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பாங்குகள் மூடிக் கிடந்தன. திறந்த நாட்களிலும் பணத்தை அளந்துதான் கொடுத்தார்கள். ஏடிஎம் வாசலில் இருட்டோடு போய் வரிசையில் நின்றால் வெயில் ஏறிய பிறகு கையில் கொஞ்சம் நோட்டு கிடைக்கும். நான் ஒரு உளுந்துக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள். (எங்கள் ஊர் உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் கப்பல் ஏறுகிறது. சென்னையில் நீங்கள் சாப்பிடும் இட்லியில் அது இருந்தாலும் இருக்கும்.) நாளெல்லாம் பணத்தை எண்களாக எழுதுகிறவளுக்கு, சொந்தப் பணத்தைக் கையில் பார்க்க நாலு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது.

அன்று அப்படி நின்று வாங்கி வந்த 5,000 கியாட் நோட்டுகளை மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், அந்த நோட்டில் இருக்கும் வெள்ளை யானைக்கு மகள் ஸ்கெட்ச் பேனாவால் ஊதா வர்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். தும்பிக்கை முடிந்து காதுக்கு வந்திருந்தாள். கிறுக்கிய நோட்டை எங்கள் ஊர்க் கடைகளில் லேசில் வாங்க மாட்டார்கள்.

கை ஓங்கியதும் விழுந்ததும் எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கூடவே என் வாயிலிருந்து, "காசோட அருமை தெரியுதா உனக்கு?" என்று வந்தது. வழக்கமாக அவளைத் திட்டும்போது பாதி பர்மியச் சொல்தான் வரும். அன்று சுத்தமான தமிழ். குரல்கூட என்னுடையதாக இல்லை.

அவள் அழவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, தரையைப் பார்த்தபடி நின்றாள். அழுதிருந்தால் அணைத்திருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். அந்த நிற்பு என்னை உலுக்கிவிட்டது. அது நான் நின்ற நிற்பு.

*

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. நாங்கள் அப்போது மோல்மேனில் இருந்தோம். 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது என்று ரேடியோவில் அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள வழி கிடையாது, ஈடு கிடையாது. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு அறிவிப்பில் வெறும் காகிதமாகிவிட்டது.

அப்பா தாய்லாந்துச் சரக்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். மியாவதி எல்லை வழியாக வரும் துணி, சோப்பு, அந்த மாதிரி சாமான்கள். அக்காவின் கல்யாணத்துக்கென்று ஒரு பிஸ்கட் டின்னில் நோட்டு சேர்த்து வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான், 1985 நவம்பரில், 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று சொல்லியிருந்தார்கள். அப்போது மாற்றித் தர ஒரு வரம்பு வைத்தார்கள். அப்பா வரிசையில் நின்று மாற்ற முடிந்ததை மாற்றி, புதிதாக அச்சடித்து வந்த 75 கியாட் நோட்டுகளாக டின்னில் வைத்தார். அரசாங்கமே புதிதாக விட்ட நோட்டு, இதற்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினார். அந்த நோட்டுதான் இப்போது போனது. அந்த மாதக் கடைசியில் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் புது நோட்டுகள் வந்தன. ஒன்பது அப்போது நாட்டை ஆண்ட நே வின்னுக்கு ராசியான எண் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. எங்கள் வீட்டில் அதைப் பேசக்கூட ஆள் இல்லை. அப்பா நாலு நாள் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது. ரேடியோவில் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். செல்லாது என்றால் இனி அது காகிதம். டின்னைத் திறந்து கொஞ்சம் எடுத்து வந்து படகு செய்தேன். மோல்மேன் மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊர். செப்டம்பரில் வீட்டு முன் சாக்கடை சின்ன ஆறுபோல ஓடும். நோட்டுக் காகிதம் நோட்டுப்புத்தகக் காகிதத்தைவிட நன்றாக மடிந்தது, சீக்கிரம் நனையவும் இல்லை. நோட்டில் இருந்த விடுதலைத் தலைவர் ஆங் சானின் முகம் படகின் பக்கவாட்டில் பாதியாக மடிந்து, ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் மேலே பார்த்தபடி மிதந்து போனது எனக்கு இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது. அவ்வளவு அழகாக இருந்தது.

அப்பா தெருமுனையில் வருவதை நான் பார்க்கவில்லை.

விசிறிக் காம்பால் அடித்தார். எத்தனை அடி என்று நினைவில்லை. "காசோட அருமை தெரியுதா உனக்கு?" என்றார். "அழுதா இன்னும் விழும்" என்றார். நான் அழுகையை விழுங்கினேன். அம்மா அடுப்படியில் இருந்தார், வெளியே வரவில்லை. ராத்திரி படுக்கும்போது என் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அப்பா மனசு ஒடஞ்சு போயிருக்காரு. நீதான் புரிஞ்சு நடந்துக்கணும்."

நானும் புரிந்துகொண்டேன். அதன் பிறகு முப்பத்து நாலு வருஷம் புரிந்துகொண்டே இருந்தேன்.

*

எங்கள் வீட்டில் துக்கத்துக்கு ஒரு மூப்பு வரிசை இருந்தது. முதல் இடம் 1942க்கு. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தவர்களில் தாத்தாவின் தம்பி ஒருவரும் இருந்தார். போய்ச் சேரவில்லை. அடுத்த இடம் 1964க்கு. தாத்தாவின் மளிகைக் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, தராசு உட்பட. என் இரண்டு அத்தைகளும் கப்பலேறிச் சென்னைக்குப் போய் வியாசர்பாடியில் குடியேறினார்கள். அப்பா மட்டும் தாத்தாவோடு தங்கினார். தாத்தா இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். மூன்றாவது இடம் 1987க்கு.

இத்தனை பெரிய துக்கங்களுக்குப் பின்னால், படகு விட்டதற்கு அடி வாங்கிய ஒரு பெண்பிள்ளை எங்கே போய் நிற்பாள்? அவள் முறை வரவே வராது. பர்மாத் தமிழ்க் குடும்பங்களில் இந்த வரிசையைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். "நாங்க பட்டதுல இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று யாராவது சொல்லாத வீடு குறைவு. சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பட்டவர்கள். அதனால்தான் பிள்ளைகளால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாமல் போகிறது.

அப்பாவைப் பற்றி யாராவது குறை சொன்னால் நான்தான் முதலில் அவருக்காகப் பேசுவேன். பதினாறு வயதில் தகப்பனின் கடை பறிபோவதைப் பார்த்தவர், பாவம் என்பேன். அதெல்லாம் சத்தியமான வார்த்தை. ஆனால் அப்பாவுக்காகப் பேசப்பேச உள்ளே ஒருத்தி வாய் மூடிக்கொண்டே போனாள். சம்பளப் பணத்தில் எனக்கென்று ஒரு புடவை எடுத்தால் இரண்டு நாள் நெஞ்சு படபடக்கும். யாராவது குரலை உயர்த்தினால் விரல் நுனி மரத்துப்போகும். விளையாட்டு என்றாலே எனக்கு எரிச்சல். என் வீட்டுக்காரர் மகளோடு சேர்ந்து தரையில் உருண்டு சிரித்தால், ஏனென்று தெரியாமல் கோபம் வரும். இதையெல்லாம் என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன்.

*

மகளை அடித்த பிறகு தொலைபேசி வழியாக ஆலோசனை தருகிற ஒரு பர்மியப் பெண்ணிடம் பேசினேன். அந்தச் சமயத்தில் நிறையப் பேர் சம்பளம் வாங்காமல் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை 'அமா' என்று கூப்பிட்டார், பர்மிய மொழியில் அக்கா என்று அர்த்தம். அவர்தான் முதல்முதலாக 'உள்ளிருக்கும் குழந்தை' என்கிற பேச்சை எடுத்தார்.

எனக்கு அது விளங்க நாள் பிடித்தது. தலைக்குள் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அது ஒரு உருவகம்தான். சின்ன வயதில், பயத்திலும் அவமானத்திலும் உடம்பு கற்றுக்கொண்ட ஒரு விதம் இருக்கிறது. பிற்காலத்தில் அதே சாயலில் ஏதாவது நடந்தால், நாற்பது வயது மனுஷியைத் தள்ளிவிட்டு அந்த விதம் முன்னால் வந்து நிற்கும். எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர் 1950களில், ஒவ்வொருவருக்குள்ளும் பெற்றோர், பெரியவர், குழந்தை என்று மூன்று நிலைகள் உண்டு, நாம் அவற்றுக்கிடையே மாறி மாறிப் பேசுகிறோம் என்று விளக்கினார். மேசை முன்னால் என்ன நடந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. வரிசையில் நின்று நின்று பயந்துபோன குழந்தை ஒருத்தி எனக்குள் இருந்தாள். அவளை அடக்க அப்பாவின் குரல் வந்தது. அடி விழுந்தது என் மகள் மேல். நாற்பது தாண்டிய பெரியவள் அந்த இடத்திலேயே இல்லை.

இந்தப் பேச்சு 1980, 90களில் அமெரிக்காவில் பெரிதாகப் பரவி, கூடவே நிறையச் சரக்கில்லாத வியாபாரமும் சேர்ந்துகொண்டது. பொம்மையைக் கட்டிப்பிடி, ஒரே நாளில் குணமாகிவிடும் என்று இன்றைக்கும் வீடியோ போடுகிறார்கள். எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் இதே எண்ணத்தை எடுத்து ஒழுங்காக வளர்த்தவர்களும் உண்டு. ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா தெரபி என்ற மனநலச் சிகிச்சையில் 'எளிதில் காயப்படும் குழந்தை நிலை' என்றே ஒன்று இருக்கிறது. பெற்றோர் தரத் தவறிய பாதுகாப்பை, ஒரு எல்லைக்குள் நின்று சிகிச்சையாளர் கொஞ்சம் தருவார். பிறகு அதை நாமே நமக்குத் தரப் பழக்குவார். 2006இல் நெதர்லாந்திலிருந்து வெளியான ஆய்வில், கடுமையான ஆளுமைக் கோளாறு உள்ள 86 பேருக்கு மூன்று வருஷம், வாரம் இரண்டு முறை, இரண்டு வித சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டார்கள். ஸ்கீமா தெரபி பெற்றவர்களில் அதிகம் பேர் தேறினார்கள், பாதியில் விட்டவர்களும் குறைவு. மூன்று வருஷம், வாரம் இரண்டு முறை என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் சமாசாரம் கிடையாது.

பர்மியப் பெண் கண்ணை மூடச் சொல்லி, அந்தச் சிறுமியைப் பார்த்து ஏதாவது சொல்லுங்கள் என்றார். சொன்னேன். மரியாதையான பர்மிய மொழியில், பள்ளிக்கூட டீச்சரிடம் பேசுவதுபோல. ஒன்றும் அசையவில்லை. அவர் மேல் ஒரு குறையும் இல்லை. என்னை அடித்தது தமிழ். புரிஞ்சு நடந்துக்கோ என்றதும் தமிழ். பர்மிய மொழி எனக்குப் பள்ளியிலும் கடைத்தெருவிலும் வந்து சேர்ந்தது. அந்தச் சிறுமி நின்றுகொண்டிருந்த வீட்டுக்குள் அது நுழையவே இல்லை.

*

வியாசர்பாடி அத்தை மகள் வழியாகச் சென்னையில் ஒரு பெண் மனநல ஆலோசகர் கிடைத்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வீடியோவில்தான் சந்திப்பு. எங்கள் மணி சென்னைக்கு ஒரு மணி நேரம் முந்தியது. இங்கே கரண்ட் முறை வைத்து வரும். இன்டர்நெட் இருந்தாலும் இருக்கும். பாதி அழுகையில் படம் உறைந்து நின்ற நாட்கள் உண்டு. ஐந்து மாதம் வெறும் பேச்சுதான். தூக்கம், கோபம், அலுவலகம். எனக்கு நெஞ்சு படபடத்தால் என்ன செய்வது என்று முதலில் கற்றுக்கொடுத்தார்: பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, அறையில் தெரியும் பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வது. அது கைவந்த பிறகுதான் மோல்மேன் வீட்டுக்குள் போகச் சம்மதித்தார்.

அந்த முறையைக் காட்சியைத் திருத்தி எழுதுவது என்று சொல்லலாம். முதலில் நடந்ததை அந்தச் சிறுமியின் கண்ணால் பார்த்து, இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். அடுத்து, இன்றைய நான் அந்தக் காட்சிக்குள் நடந்து போய், தேவையானதைச் செய்ய வேண்டும். கடைசியில் திரும்பவும் சிறுமியாகி, அப்படி ஒருத்தி வந்து நின்றால் எப்படி இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்று உணர வேண்டும். நடந்தது மாறிவிடாது. அந்த நினைவோடு ஒட்டிக்கிடக்கும் அர்த்தம் மாற வாய்ப்பு உண்டு.

கண்ணை மூடினேன். மழை, சாக்கடை, விசிறிக் காம்பு. "இப்ப நீங்க உள்ள போங்க. என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

நான் நேராக அப்பாவிடம் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா உக்காருங்க, தண்ணி குடிங்க, நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டு சேத்தீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா என்று பேசிக்கொண்டே போனேன். அவர் நனைந்திருந்தார், துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்:

"அப்பாவ அப்புறம் பாத்துக்கலாம் மேடம். பாப்பா எங்க நிக்கிறா?"

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மையில் கழுத்தைத் திருப்பினேன், அறைச் சுவர்ப் பக்கமாக. அவள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு படகு. காலில் சேறு. நான் உள்ளே வந்ததே அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் அவளைத் தாண்டி அப்பாவிடம் போய்விட்டேன். அடுப்படியில் இருந்த அம்மாவைப்போல நானும் அவளைப் பார்க்கவில்லை.

அவள் முன்னால் உட்கார்ந்தேன். நிறைய நேரம் பேச்சு வரவில்லை. பிறகு, "பாப்பா, நீ பண்ணது தப்பில்ல. செல்லாதுன்னு அவங்கதானே சொன்னாங்க" என்று சொன்னேன். அவ்வளவுதான். முப்பத்து நாலு வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்த வார்த்தை அது என்று, சொன்ன பிறகுதான் தெரிந்தது. எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது, என் தொண்டையிலிருந்துதான். வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

இன்னும் என்ன வேணும்னு பாப்பாகிட்ட கேளுங்க என்றார் அந்தப் பெண். தூக்கிக்கொள்ளச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படகை விட வேண்டும் என்றாள். கையில் இருந்ததைத் தண்ணீரில் விட்டோம்.

*

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த இரண்டு வாரம் முன்னைவிட மோசமாக இருந்தேன். அப்பாவின் மேல் கோபம் வந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக. 2009இல் இறந்துபோன மனிதர் மேல் கோபப்படுவதில் எனக்கு வெட்கமும் இருந்தது. கோபம் வரட்டும், அது பாப்பாவுக்காக நீங்கள் எழுந்து நிற்பது என்றார் ஆலோசகர். சில மாதம் கழித்து அது தானாகத் தணிந்தது. இப்போதும் அப்பா பாவம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதலில் பாப்பா, பிறகு அப்பா. அந்த வரிசை மாறினால் உடம்பே காட்டிக்கொடுக்கும், விரல் நுனி மரத்துப்போகும்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே கண்ணை மூடி உட்கார நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் காயம் சின்னது. சின்ன வயதில் பாலியல் கொடுமையோ, நாள்தோறும் அடி உதையோ பட்டவர்கள், திடீரென்று தன்னை மறந்துபோகிறவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் இதைத் தனியாகச் செய்யக்கூடாது. பயிற்சி பெற்றவர் எதிரில் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும். இன்னொன்று, மனக்கண்ணில் வருகிற படமெல்லாம் நடந்ததற்குச் சாட்சி ஆகிவிடாது. நினைவு தானாகச் சேர்த்துக்கொள்ளும். எதையாவது நினைவுபடுத்தியே தீர வேண்டும் என்று வற்புறுத்துகிற ஆலோசகரிடமிருந்து விலகிவிடுங்கள்.

அன்றாடம் நான் செய்வது ரொம்பச் சாதாரணம். காலையில் தனாக்காக் கட்டையை (பர்மாவில் முகத்தில் பூசும் மரச்சாந்து இதிலிருந்துதான்) கல்லில் உரசி மகளின் கன்னத்தில் பூசும்போது, முன்னெல்லாம் அவளுக்குப் பூசிவிட்டு ஓடிவிடுவேன். இப்போது கல்லில் மிச்சமிருப்பதை என் கன்னத்திலும் பூசிக்கொள்கிறேன், சாவகாசமாக. அந்த ஈரம் காய்ந்து இறுகுகிற வரை எனக்குள் இருக்கும் பாப்பாவிடம் ஏதாவது பேசுவேன். இன்னைக்கு ஆபீஸ்ல சத்தம் போடுவாங்க, நீ பயப்படாத, நான் இருக்கேன். இந்த அளவுதான். மூன்றாவது வருஷத்தில், மேலதிகாரி ஒருவர் கத்தியபோது என் விரல் நுனி மரத்துப்போகவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அம்மா அடிச்சது தப்பு. நீ வர்ணம் அடிச்சதுக்கு நான் சொல்லியிருந்தாப் போதும்." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு காது பாக்கி இருக்கு" என்றாள். அந்த நோட்டு இன்னும் என் பர்சில் இருக்கிறது, இரண்டு காதும் ஊதாவாக.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. எங்களோடுதான் இருக்கிறார். பெற்றவர்கள் வாயால் மன்னிப்பு வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள் என்று ஆலோசகர் முதலிலேயே சொல்லியிருந்தார், நானும் காத்திருக்கவில்லை. சிகிச்சை பற்றி அம்மாவிடம் ஒருமுறை சொன்னபோது, "அந்தக் காலத்துல யாரு அடிக்கல" என்று எழுந்து போய்விட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், இரண்டு பேரும் பலகணியில் உட்கார்ந்து புளிச்சைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். கீழே தெருவில் தண்ணீர் நின்றிருந்தது. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல்தான் பேச்சை எடுத்தேன்.

"மோல்மேன்ல அன்னிக்கு நான் மூணு படகு விட்டேன் இல்லம்மா?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏழு" என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே தண்டு ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு வாசப்படிலயே கவுந்துடுச்சு. நீ அத எடுத்து ஊதி ஊதிக் காய வெச்சே. ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."